சிறுத்தைப் பல்லி: வீட்டுக்கு வர்றவங்க கேக்குற கேள்விகளும் என் பதிலும்

காரைக்குடி பக்கத்துல ஒரு கிராமத்துல எங்க பழைய வீடு. இரண்டாம் கட்டுல ஒரு மூணடி கண்ணாடித் தொட்டி இருக்கு, அதுக்குள்ள மிளகுன்னு ஒரு சிறுத்தைப் பல்லி. மஞ்ச உடம்புல மிளகைத் தூவிவிட்ட மாதிரி புள்ளி, அதனாலதான் அந்தப் பேர். பெங்களூர்ல வேலை பாத்த ஃப்ரெண்ட் ஒருத்தன் வெளிநாடு போறப்ப என்கிட்ட குடுத்துட்டுப் போனான், ஆறு வருஷம் ஆச்சு. கல்யாணம் காட்சின்னு வீட்டுக்கு யார் வந்தாலும் மொதல்ல அங்கதான் நிக்கிறாங்க, கேக்குற கேள்வியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

இதுவும் பல்லிதானே, நம்ம சுவத்துல ஓடுறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பல்லி வகைதான், ஆனா ரொம்ப தூரத்துச் சொந்தம். மொதல்ல கண்ணைப் பாருங்க. சுவத்துப் பல்லிக்கு இமையே கிடையாது, கண்ணு மேல கண்ணாடி மாதிரி ஒரு தோல் மூடியிருக்கும், தூசி பட்டா நாக்கை நீட்டி நக்கித் துடைச்சுக்கும். சிறுத்தைப் பல்லிக்கு நம்மள மாதிரி மூடித் திறக்குற இமை இருக்கு, தூங்குறப்ப கண்ணை மூடித்தான் தூங்கும். இதோட அறிவியல் பேரே அதுதான், யூப்ளிஃபாரிஸ் மாக்குலாரியஸ்: கிரேக்கத்துல யூ-ன்னா நல்ல, ப்ளிஃபாரான்னா இமை, மாக்குலாரியஸ்ங்கிறது லத்தீன்ல புள்ளி போட்டது. புள்ளி போட்ட நல்ல இமைக்காரி, அவ்வளவுதான் அர்த்தம்.

அடுத்தது விரல். சுவத்துப் பல்லி விரல் அடியில பட்டை பட்டையா இருக்கும், அந்தப் பட்டையில கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முடிங்க, அதை வச்சுத்தான் கூரையில தலைகீழா நடக்குது. மிளகுக்கு அது கிடையாது, சின்ன நகம் மட்டும்தான். கண்ணாடியில ஏற முடியாது, பாறையில தத்தித் தத்தி ஏறும். இது தரையில வாழ்ற உயிரு, சுவரே அதுக்குத் தேவைப்படல.

இன்னொண்ணு சொல்றேன், நேர்ல பாத்தவங்க யாரும் மறக்கல. சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் அது தலைக்கு ஒரு பக்கமா விழுறப்ப, இந்தப் பக்கக் காது ஓட்டை வழியா பாத்தா அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். காதுக்குள்ள அவ்வளவு திறந்த வழி, நடுவுல மெல்லிய செவிப்பறை மட்டும்தான். எங்க சித்தப்பா மகளுக்கு எட்டு வயசு, அதைப் பாத்துட்டு ஒரு மணி நேரம் தொட்டி பக்கத்துலயே உக்காந்திருந்தா.

எந்த ஊர்ப் பல்லி இது?

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், அதையொட்டின வடமேற்குப் பக்கம். கல்கத்தா ஏஷியாட்டிக் சொசைட்டி மியூசியத்துல வேலை பாத்த எட்வர்ட் பிளைத்ங்கிறவர்தான் 1854ல மொதல்ல இதுக்குப் பேர் வச்சு எழுதினாரு, பஞ்சாப்ல இருக்குற உப்பு மலைத்தொடர்ல கிடைச்ச பல்லியை வச்சு. அந்த மலை இப்ப பாகிஸ்தான்ல இருக்கு.

ஆனா இந்தியாவுக்குன்னே இதோட சொந்தக்காரங்க இருக்காங்க, அது நம்மள்ல நிறையப் பேருக்குத் தெரியாது. குஜராத், மகாராஷ்டிரா பக்கம் ஒரு இனம், ஒடிசா, ஜார்கண்ட் பக்கம் ஒரு இனம். சாத்பூரா மலையில இருந்து 2014ல ஒண்ணு புதுசா விவரிச்சாங்க. 2022ல கிழக்குத் தொடர்ச்சி மலையோட வட பகுதியில, விசாகப்பட்டினம் பக்கத்துலருந்து இன்னொண்ணு. இந்தக் காலத்துலயும் கையளவு நீளப் பல்லி ஒண்ணு புதுசா கண்டுபிடிக்கிற அளவுக்கு நம்ம காடுகள்ல விஷயம் இருக்கு. நம்ம செட்டிநாட்டுப் பொட்டல்ல இது கிடையாது, கல்லைப் புரட்டித் தேடாதீங்க.

பாலைவனப் பல்லின்னா மணல் போட்டாத்தானே அதுக்கு நல்லாருக்கும்?

இந்தத் தப்பை நான் பண்ணேன். மிளகு வந்த புதுசுல ஒரு பெரிய ஊர்க் கடையில கேட்டேன், கலர் மணல் ஒரு பை குடுத்து இதான் இதுக்கு ஏத்ததுன்னாங்க. நானும் போட்டுட்டேன். மூணாவது வாரம் சாப்பாட்டைத் தொடல, வயிறு கல்லு மாதிரி இருந்துச்சு. மதுரையில ஒரு டாக்டர்கிட்ட எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா குடல்ல மணல். வெதுவெதுப்பான தண்ணியில நிக்க வச்சு, டாக்டர் சொன்ன மருந்தைக் குடுத்து, ஒம்பது நாள் கழிச்சுத்தான் வெளிய வந்துச்சு. அந்த ஒம்பது நாளும் வீட்ல யாரும் சரியாத் தூங்கல.

விஷயம் என்னன்னா, அது வாழ்ற இடம் சினிமாவுல காட்ற மாதிரி மணல்மேடு கிடையாது. இறுகின களிமண், சரளைக் கல்லு, பாறை வெடிப்பு, அங்கங்க காஞ்ச புல்லு. திருமயம் கோட்டைப் பாறையைச் சுத்தி நடந்திருந்தீங்கன்னா ஓரளவு மனசுல வரும். பகல்ல பாறை வெடிப்புக்குள்ளயும் பொந்துக்குள்ளயும் கெடக்கும், வெளிய அனல் அடிச்சாலும் உள்ள கொஞ்சம் ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும். இருட்டத் தொடங்குனா வெளிய வந்து சூடு ஆறாத கல்லு மேல வயித்தை வச்சுப் படுத்துக்கும், அப்புறம் வேட்டைக்குப் போகும். குளிர்காலத்துல அந்த ஊர்ல குளிர் கடுமையா இருக்கும், அப்ப மாசக்கணக்குல சாப்பிடாம உள்ளயே மயங்கிக் கெடக்கும். இதைப் புரிஞ்சுக்கிட்டா வளக்குறது பாதி தெரிஞ்ச மாதிரி: அதுக்கு வேணும்கிறது கல்லு, இருட்டுப் பொந்து, பொந்துக்குள்ள ஈரம், வயித்துக்கு அடியில சூடு.

இப்ப எங்க தொட்டியில தரைக்கு ஆத்தங்குடி கல்லு. இடிச்ச வீட்டுல இருந்து வந்த பழைய கல்லு, முனீஸ்வரன் கோயில் தெருவுல உடைஞ்சதை ஒதுக்கி வச்சிருந்தாங்க, அதை வாங்கி நல்லா ஊறப்போட்டுக் கழுவி, பூப்போட்ட பக்கத்தைக் கீழ கவுத்து, சொரசொரப்பான பின்பக்கத்தை மேல வச்சுப் போட்டிருக்கேன். நகம் பிடிக்குது, சூட்டையும் தாங்குது, துடைக்கவும் லேசு.

விஷமா? கடிக்குமா?

விஷம் கிடையாது. இது மட்டும் இல்ல, இதுவும் சுவத்துப் பல்லியும் சேர்ந்த இந்தப் பல்லி வகையில எதுக்கும் கடிச்சு ஏத்துற விஷம் கிடையாது. இது வாழ்ற ஊர்கள்லயே கிராமத்து ஜனங்க இதைக் கொடிய விஷம்னு நம்பி அடிச்சுக் கொல்றாங்க, புள்ளியும் கொழுத்த வாலும் பயமா இருக்குன்னு. பாவம். மிளகு ஆறு வருஷத்துல ஒரு தடவை கடிச்சுச்சு, என் விரல்ல புழு வாசனை இருந்ததால. லேசா கிள்ளுன மாதிரி இருந்துச்சு. ஆனா தொட்டுட்டு கையை சோப்புப் போட்டுக் கழுவணும், ஊர்வன எதுக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். சின்னப் புள்ளைங்க, கர்ப்பமா இருக்கவங்க, ரொம்ப வயசானவங்க கொஞ்சம் தள்ளியே பாக்குறது நல்லது.

பல்லியைப் போய் வீட்டுக்குள்ள வச்சு வளக்கலாமா, சாஸ்திரம் என்ன சொல்லுது?

எங்க அப்பத்தா மொத நாள் கேட்டது இதான். "என்னத்தைப்பா கொண்டாந்து வச்சிருக்கிய, இது எங்கிட்டு விழுந்தா என்ன பலன்னு யாருக்குத் தெரியும்?" பல்லி விழும் பலன் பஞ்சாங்கத்துல இருக்கு, பல்லி சொன்னா நல்லதா கெட்டதான்னு திசை பாக்குற பழக்கம் எங்க வீட்ல இன்னும் இருக்கு, காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலுக்குப் போனா தங்கப் பல்லி வெள்ளிப் பல்லியைத் தொடாம யாரும் வர்றதில்ல. நான் அதை எல்லாம் குறையா பேசல, பல்லியை அடிக்காம விட்டு வைக்கிற வழக்கமே அதுல இருந்துதான் வந்துச்சுன்னு எனக்குத் தோணும்.

அப்பத்தாகிட்ட நான் ரெண்டே விஷயம்தான் சொன்னேன். இது சுவத்துல ஏறாது, அதனால யார் மேலயும் விழாது. இது பெருசா சத்தம் போடாது, குட்டியா இருக்கப்ப பயந்தா கீச்சுன்னு கத்தும், வளந்ததுக்கு அப்புறம் பேச்சு மூச்சே இல்ல, அதனால சகுனமும் சொல்லாது. அப்பத்தா கொஞ்ச நேரம் பாத்துட்டு, "சிரிச்ச மொகமா இருக்கே"ன்னாங்க. இப்ப ராத்திரி லைட்டை அணைக்கிறதுக்கு முன்னாடி தண்ணி இருக்கான்னு பாக்குறது அவங்கதான்.

அது ஏன் எப்பவும் சிரிக்கிற மாதிரியே இருக்கு?

வாய்க்கோடு கன்னத்துல மேல வளைஞ்சு போகும், கூட இமையும் இருக்கதால மொகத்துல ஒரு பாவம் வந்துருது. நம்ம மனசு அதைச் சிரிப்புன்னு எடுத்துக்குது. பாதி மூடின கண்ணோட கல்லு மேல படுத்திருக்கப்ப பாத்தா, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில சாஞ்சிருக்க பெரியவர் மாதிரியே இருக்கும். உலகம் முழுக்க இதை வளக்குறவங்க இவ்வளவு பேர் இருக்காங்கன்னா அந்த மொகம் ஒரு பெரிய காரணம். மத்த காரணமும் அதோட வாழ்க்கையில இருந்தே வருது. தரையில வாழ்றதால தாவி ஓடிப் போகாது, மெதுவா கையில ஏறும். ராத்திரிப் பிராணிங்கிறதால நாம வேலை முடிஞ்சு வர்ற நேரம்தான் அதுவும் எழும்பும். சாணி போடுறது கூட ஒரே மூலையிலதான், அந்த மூலையை மட்டும் துடைச்சா போதும். அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் பல தலைமுறையா வீட்டுலயே முட்டை வச்சுப் பொரிச்சு வர்றாங்க.

வேட்டையாடுறப்ப மட்டும் வேற ஆளு. பூச்சியைப் பாத்ததும் உடம்பு தாழ்ந்துரும், தலை அசையாது, வால் நுனி மட்டும் பூனை மாதிரி படபடன்னு ஆடும். ஒரு நொடி. அப்புறம் பூச்சி இல்ல. வாயை நக்கிக்கிட்டு கண்ணை ஒரு தடவை மூடித் திறக்கும்.

வால் ஏன் அவ்வளவு குண்டா இருக்கு? அறுந்தா வளருமா?

வால்தான் அதோட நெல்லுக் குதிர். மழை பேஞ்சு பூச்சி பெருகுற காலத்துல தின்னு கொழுப்பா வால்ல சேத்து வச்சுக்கும், இல்லாத மாசத்துல அதை எடுத்துச் செலவு பண்ணும். வால் கழுத்து அளவுக்கு குண்டா இருந்தா ஆரோக்கியம், குச்சியா ஆயிருச்சுன்னா உடனே டாக்டர்.

எதிரி பிடிச்சா, இல்ல ரொம்ப பயந்தா, வாலைத் தானே கழட்டி விட்டுரும். கழண்ட வால் தனியாத் துள்ளும், வெறும் ஆட்டம் இல்ல, திடீர்னு குதிக்கக்கூட செய்யும். இந்தப் பல்லியோட வாலை வச்சே அதை ஆராய்ச்சி பண்ணி 2009ல எழுதியிருக்காங்க. நரியோ பாம்போ அந்த வாலைப் பாத்துட்டு நிக்கிற நேரத்துல இது பொந்துக்குள்ள போயிரும். திரும்ப வளரும், ஆனா எலும்புக்குப் பதிலா குருத்தெலும்புக் குழாய்தான் உள்ள, வெளிய வழவழன்னு டர்னிப் மாதிரி வீங்கி இருக்கும், பழைய வரி வராது. அதனால வாலைப் பிடிச்சு மட்டும் தூக்கவே தூக்காதீங்க, உள்ளங்கையை அடியில குடுங்க, அதுவா ஏறட்டும்.

நம்ம ஊரு வெயில்ல தாங்குமா? பாலைவனத்துப் பிராணிதானே?

எல்லாரும் வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு ஹீட்டர் எங்க வாங்குறதுன்னு கேக்குறாங்க. நம்ம பக்கம் மார்கழி தை ராத்திரிக்குத்தான் சூடு குடுக்கணும், சித்திரை வைகாசியில குளிர வைக்கிறதுதான் வேலை. தொட்டியில ஒரு பக்கம் கல்லு 31லருந்து 33 டிகிரி, இன்னொரு பக்கம் 25 பக்கம் இருக்கணும். அது சூடு வேணும்னா இங்க, வேணாம்னா அங்கன்னு தானே நடந்துக்கும், அப்படி நடந்துதான் அதோட சாப்பாடே செரிக்குது. காத்தோட சூடே 35ஐத் தாண்டி நின்னுச்சுன்னா அதுக்கு ஒதுங்க இடம் இல்ல. அதனால தொட்டியை மேற்கு ஜன்னல் பக்கம் வைக்காதீங்க. எங்க இரண்டாம் கட்டு அறையில சுவரு ரெண்டடி கனம், சுண்ணாம்புப் பூச்சு, மே மாசத்துலயும் வெளிய விட நல்லாவே குளிர்ச்சியா இருக்கும், அந்தக் காலத்து ஆளுங்க கட்டுன வீடு இதுக்கு இப்படி உதவும்னு நினைச்சிருக்க மாட்டாங்க. ஓட்டு வீடு, காங்கிரீட் மாடின்னா தண்ணி பாட்டிலை ஃப்ரீசர்ல வச்சு துணி சுத்தி தொட்டியை ஒட்டி வெளிப்பக்கம் வைங்க.

தொட்டி அடியில வைக்கிற ஹீட் மேட் போட்டா, சூட்டைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் இல்லாமப் போடாதீங்க, இதை அழுத்திச் சொல்றேன். தெர்மோஸ்டாட் இல்லாத மேட் கல்லை எவ்வளவு வேணா சூடாக்கும், வயித்தை வச்சுப் படுக்குற பிராணிக்கு வயிறு வெந்துரும்.

ஈரப் பொந்துக்கு மானாமதுரை மண்சட்டி ஒண்ணு கவுத்து, விளிம்புல வாசல் மாதிரி உடைச்சு அரத்தால ராவி, உள்ள நனைச்ச தேங்காய் நார்த்தூள் போட்டிருக்கேன். மண்சட்டி தண்ணியை இழுத்து மெதுவா விடும், உள்ள எப்பவும் ஊத்துப் பக்கத்து மண்ணு மாதிரி குளுகுளுன்னு இருக்கும். கடையில விக்கிற பிளாஸ்டிக் குகையில அது வராது.

கொசுவத்தி, கொசு லிக்விட், கரையான் மருந்து இதெல்லாம் அந்த அறையில வேணாம். பூச்சிக்கு அடிக்கிறது பூச்சி திங்கிறதுக்கும் ஆகாது.

என்ன சாப்பிடும்? காய், பழம், சோறு?

பூச்சி மட்டும். உயிரோட. சுவர்க்கோழி, மீல்வார்ம் புழு, வளக்குற கரப்பான். காட்டுல தேள், சிலந்தி, சின்னப் பல்லி வரைக்கும் பிடிக்கும். குட்டிக்கு தினமும், வளந்ததுக்கு வாரம் ரெண்டு மூணு தடவை. பூச்சியோட அகலம் அதோட ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்க இடைவெளியைத் தாண்டக் கூடாது. பூச்சியில கால்சியம் கம்மி, பாஸ்பரஸ் ஜாஸ்தி, அதனால கால்சியம் பொடியில புரட்டிக் குடுக்கணும், டி3 வைட்டமினும் அளவா வேணும், இல்லன்னா எலும்பு வளைஞ்சு தாடை ரப்பராயிரும். வயல்ல, தெரு லைட் அடியில பிடிச்ச பூச்சி வேணாம், மருந்து பட்டிருக்கும். மின்மினிப்பூச்சி எந்தக் காரணத்துக்கும் வேணாம், அதுல இருக்க நஞ்சு பல்லியைக் கொன்னுரும்.

திடீர்னு வெள்ளையாயிருச்சு, சாகப் போகுதா?

தோல் உரிக்கப் போகுது. இது பாக்க வேண்டிய காட்சி. மொதல்ல நிறம் மங்கி, மேல திருநீறு பூசுன மாதிரி ஆயிரும். அப்புறம் மூக்கைக் கல்லுல தேய்ச்சுத் தேய்ச்சு உதட்டுக்கிட்ட ஒரு கிழிசல் உண்டாக்கும், அங்க இருந்து சட்டையைத் தலை வழியாக் கழட்டுற மாதிரி வாயால இழுக்கும். கை வந்ததும் விரல் விரலா கடிச்சு இழுக்கும், அஞ்சு விரலுக்கும் அஞ்சு குட்டி உறை கழண்டு வரும். உரிச்சதைத் தின்னுரும், சத்தை வீணாக்காம, எதிரிக்குத் தடயமும் விடாம. அரை மணி நேரத்துக்குள்ள புது மஞ்சள்ல பளிச்சுன்னு நிக்கும்.

முடிஞ்சதும் நீங்க பாக்க வேண்டியது விரல் நுனி. அங்க ஒரு வளையம் தோல் ஒட்டி நின்னுருச்சுன்னா காஞ்சு இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திரும், விரலே போயிரும். வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் நிக்க வச்சு, ஈரப் பஞ்சுக் குச்சியால மெதுவா உருட்டுனா வந்துரும். வறட்டுன்னு பிய்க்காதீங்க.

ஜோடி போட்டா சந்தோஷமா இருக்குமே?

தனியா இருக்கதுதான் அதுக்கு நிம்மதி. ரெண்டு ஆணை ஒண்ணா விட்டா ஒண்ணு சாகுற வரைக்கும் சண்டை. ஆணும் பொண்ணும்னா பொண்ணுக்கு ஓய்வே இருக்காது, மாசக்கணக்குல ரெண்டு ரெண்டா முட்டை வச்சு வாலெல்லாம் வத்திரும்.

முட்டை விஷயத்துல ஒரு அதிசயம் இருக்கு. ஆணா பொண்ணான்னு முடிவு பண்றது முட்டை இருக்க இடத்தோட சூடு. 26 டிகிரி பக்கம் இருந்தா பெரும்பாலும் பொண்ணு, 32, 33 டிகிரியில பெரும்பாலும் ஆணு, இன்னும் கூடி 34, 35 போனா மறுபடி பொண்ணுதான் ஜாஸ்தி. குட்டி பொறக்குறப்ப புள்ளியே இருக்காது, கறுப்பும் மஞ்சளும் பட்டை பட்டையா இருக்கும், வளர வளரப் பட்டை உடைஞ்சு புள்ளியாகும்.

வெள்ளை, ஆரஞ்சு, செவப்புக் கண்ணுன்னு நிறைய கலர்ல விக்கிறாங்களே, எது வாங்குறது?

மனுசங்க தேர்ந்தெடுத்து இணை சேர்த்து உண்டாக்குன நிறங்கள் அது. சிலது ஒண்ணும் பண்ணாது. சிலது அந்த உயிருக்குப் பாரம். எனிக்மான்னு ஒரு வகை இருக்கு, அழகா இருக்கும், ஆனா தலை ஒரு பக்கம் சாயும், வட்டம் வட்டமா சுத்தும், பூச்சியைக் குறி வச்சா தவறிரும். லெமன் ஃப்ராஸ்ட்னு இன்னொண்ணு, எலுமிச்சை மேல பனி படிஞ்ச மாதிரி நிறம். அந்த நிறத்தைக் குடுக்குற செல்லே கட்டியா வளந்துச்சு. கலிபோர்னியாவுல ஆராய்ச்சி பண்ணி 2021ல வெளியிட்டாங்க, அந்த ஜீன் இருக்க பல்லியில 80 சதவீதத்துக்கு மேல கட்டி வருதாம், மனுசங்களுக்கு வர்ற மெலனோமா புற்றுநோயைப் புரிஞ்சுக்கக்கூட அது உதவும்னு சொல்றாங்க. பல்லிக்கு அதனால என்ன லாபம்? என்னைக் கேட்டா, இந்த ரெண்டு வகையையும் யாரும் வாங்கக் கூடாது, வாங்க ஆள் இருந்தா பொரிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க. மஞ்சள்ல கறுப்புப் புள்ளி, அந்த மலை குடுத்த நிறமே போதும்.

சட்டப்படி வளக்கலாமா?

நம்ம நாட்டுக் காட்டு உயிர் எதையும் பிடிச்சு வளக்கக் கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். உடும்பு, நட்சத்திர ஆமை எல்லாம் அதுல வரும். வெளிநாட்டு உயிர்களுக்கு 2022ல சட்டத்தைத் திருத்தி, 2024ல பதிவு பண்றதுக்குத் தனி விதியும் கொண்டு வந்தாங்க. அதனால வாங்குறதுக்கு முன்னாடியே வனத்துறை ஆபீஸ்ல போய் இந்த இனத்துக்கு என்ன காகிதம் வேணும்னு கேட்டுருங்க. எங்க பொறந்துச்சுன்னு சொல்ல முடியாதவங்ககிட்ட வாங்காதீங்க. 2023ல நம்ம திருச்சி ஏர்போர்ட்லயே கோலாலம்பூர்ல இருந்து வந்த பெட்டிக்குள்ள 47 பாம்பும் ரெண்டு பல்லியும் பிடிச்சாங்க, பெட்டிக்குள்ள அடைச்சு. பில்லு இல்லாம மலிவா ஒண்ணு கிடைக்குதுன்னா அது அப்படி ஒரு பெட்டியில வந்ததா இருக்கலாம்.

எத்தனை வருஷம் இருக்கும்?

நல்லாப் பாத்துக்கிட்டா 15லருந்து 20, அதுக்கு மேலயும் இருந்திருக்கு. பத்தாவது படிக்கிற பையன் ஆசைப்பட்டு வாங்குனா அவன் வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணி, புள்ளை பெத்த பிறகும் அது இருக்கும். ஹாஸ்டலுக்குப் போறப்ப யாரு பூச்சி போடுவாங்கன்னு வீட்ல பேசிட்டு வாங்குங்க. பூச்சியைத் தொட முடியாத வீடுன்னா வேணாம்.

எங்க வீட்டு வளவுல புள்ளியும் வரியும் போட்ட பெரிய பல்லி ஒண்ணு ராத்திரி திரியுது, அதுவும் சிறுத்தைப் பல்லியா? பிடிச்சுத் தரவா?

வாரம் ஒருத்தர் போட்டோ அனுப்புறாங்க. அது இல்ல. நம்ம வறண்ட பூமியில கரையான் புத்து, கல்லு இடுக்குல வாழ்ற பெரிய பல்லி ஒண்ணு இருக்கு, பழுப்பு உடம்புல வெள்ளைப் புள்ளி, வால்ல வரி, குட்டியில வரி இன்னும் பளிச்சுன்னு இருக்கும். பழைய வீடுகள்ல முத்தத்து ஓரம், விறகு அடுக்கு, பூட்டிக் கெடக்குற பின்கட்டுல எல்லாம் வரும். விஷம்னு சொல்லி வெளக்கமாத்தால அடிக்கிறாங்க, அதுக்கும் விஷம் கிடையாது, ராத்திரி முழுக்கக் கரையானும் கரப்பானும் தின்னுக்கிட்டு இருக்கு. தேக்குத் தூணு வச்ச வீட்டுக்கு அதைவிட நல்ல காவல் கிடையாது. சந்தேகம்னா கொஞ்சம் தள்ளி நின்னு டார்ச் அடிச்சுக் கண்ணைப் பாருங்க. இமை இல்ல, மூடாம அப்படியே பாத்துக்கிட்டு நிக்கும், கொஞ்ச நேரத்துல நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைச்சாலும் துடைக்கும். பிடிக்காதீங்க, டார்ச்சை அணைச்சிட்டு வந்துருங்க.